ஓப்பன் பார்டர்ஸ் கேட்கிறாள், ஒத்துக்கொள்ளலாமா? அவசரம்!

இன்னும்_ஒரே_டர்ன்:
வணக்கம் நண்பர்களே. கணினி ஆட்டத்தில் பக்கத்து நாட்டுக்காரி ஓப்பன் பார்டர்ஸ் (எல்லையை ஒருவருக்கொருவர் திறந்துவிடும் ஒப்பந்தம்) போட்டுக்கொள்ளலாமா என்று தானாகவே வந்து கேட்கிறாள். போன ஆட்டத்தில் யாருக்கும் கொடுக்காமல் எல்லையைச் சாத்தியே வைத்திருந்தேன், கடைசியில் எல்லாரும் என்னை முறைத்தார்கள். இந்தத் தடவை கொடுத்தால் என்ன ஆகும்? அவள் முகம் திரையில் அப்படியே நிற்கிறது, பதில் சொன்னால்தான் அடுத்த வேலை. சீக்கிரம் சொல்லுங்கள்.

பட்டறைப்பையன்:
எந்த ஆட்டம்? சிவிலைசேஷனா, வேறா? சிவ் என்றால் எத்தனையாவது பாகம்?

அறுகோணம்:
சும்மா கொடுக்காதீர்கள், விற்றுவிடுங்கள். நட்பு அறிவிப்பு இருந்தால் 50 தங்கம் கையில் வாங்கலாம். ஒப்பந்தம் 30 டர்ன் ஓடும், முடிந்ததும் திரும்ப விற்கலாம். நான் ஆட்டம் முழுக்க இப்படியே ஓட்டுவேன். முதலில் தூதரகம் இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமல் பேச்சே கிடையாது.

கிட்டார்ப்படை:
கலாசார வெற்றிக்குப் போகிறீர்களா? அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம், அவள் எல்லையை உங்களுக்குத் திறந்தால் அவள் நாட்டின் மீது உங்கள் சுற்றுலாப் புள்ளிகள் 25 சதவீதம் கூடும். தொல்லியலாளரை அனுப்பி அவள் மண்ணில் தோண்டவும் வழி கிடைக்கும். ராக் இசைக்குழுவுக்கு எல்லை ஒரு தடையே இல்லை, அது வேறு கதை.

மூன்றாம்பாகம்:
கொடுக்காதீர்கள்! ஒப்பந்தம் போட்டுவிட்டு உங்கள் தலைநகரத்து வாசலில் குதிரைப்படையை நிறுத்துவாள். ஒரு நாள் போர் என்பாள், அதே டர்னில் நகரம் போய்விடும். நான் எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

கோட்டைச்சாமி:
மூன்று பேர் மூன்று வெவ்வேறு ஆட்டங்களுக்குப் பதில் சொல்லிவிட்டீர்கள், கேட்டவர் இன்னும் ஆட்டத்தின் பெயரையே சொல்லவில்லை. தம்பி, இங்கே கேள்வி கேட்பதற்கு முன்னால் ஆட்டம், விரிவாக்கம், கடினநிலை, வரைபடம், தலைவர் இந்த ஐந்தையும் எழுத வேண்டும் என்று மேலே ஒட்டியே வைத்திருக்கிறது. யாரும் படிப்பதில்லை. ஜோசியக்காரரிடம் போனால்கூட பிறந்த தேதியாவது சொல்ல வேண்டும்.

இன்னும்_ஒரே_டர்ன்:
மன்னிக்கவும் அண்ணே, சிவ் 4. அதுதான் எல்லாரும் ஆடுவது என்று நினைத்தேன். கேட்பது இசபெல்லா.

பட்டறைப்பையன்:
2005 ஆட்டத்தை எல்லாரும் ஆடுகிறார்கள் என்று நினைத்தீர்களா, வாழ்க! சரி, வெறும் சிவ் 4ஆ, பியாண்ட் த சோர்ட் விரிவாக்கமா? வேறு யார் அக்கம்பக்கம்? உங்களுக்கும் அவளுக்கும் ஒரே மதமா? உங்களுக்குப் பின்னால் காலி நிலம் இருக்கிறதா? கடைசிக் கேள்விதான் முக்கியம்.

இன்னும்_ஒரே_டர்ன்:
பியாண்ட் த சோர்ட். பாஞ்சியா (ஒரே கண்டம்) வரைபடம், மோனார்க் கடினநிலை. மேற்கே இசபெல்லா, வடக்கே மோன்டேசுமா. அவள் பௌத்தம், அவன் இந்து, எனக்கு அரச மதம் இல்லை. கிழக்கே கொஞ்சம் காலி இடம் கிடக்கிறது, அவசரம் இல்லை என்று விட்டிருக்கிறேன்.

கோட்டைச்சாமி:
கொஞ்சம் காலி இடம். இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

கேளுங்கள் தம்பி. சிவ் 4இல் கலாசார எல்லைதான் சுவர். ஒப்பந்தம் இல்லாதவரை இசபெல்லாவின் குடியேற்றக்காரன் உங்கள் கட்டத்தில் கால் வைக்க முடியாது. அவளுக்கும் அந்தக் கிழக்கு நிலத்துக்கும் நடுவே நீங்கள் இருக்கிறீர்கள் என்றால் அந்த நிலம் ஏற்கெனவே உங்களுடையது, நகரம் கட்டாவிட்டாலும். எல்லையைத் திறந்த மறுகணமே ஒரு வில்லாளியும் ஒரு குடியேற்றக்காரனும் உங்கள் சாலை வழியாகவே நடந்து போய் உங்கள் கொல்லைப்புறத்தில் நகரம் போடுவார்கள். கணினி எதிரிகள் காலி இடத்தை மோப்பம் பிடிப்பதில் கில்லாடிகள். பிறகு அந்த நகரத்தின் கலாசாரம் உங்கள் நகரங்களின் கட்டங்களைத் தின்னும், எல்லை ஒட்டியிருப்பதால் உரசல் என்று உறவிலும் புள்ளி கழியும். ஒப்பந்தத்தை 10 டர்னுக்கு ரத்து செய்யவும் முடியாது. குடியேற 10 டர்ன் தாராளமாகப் போதும்.

ஆகவே, இப்போது மறுத்துவிடுங்கள். கிழக்கை நிரப்பிவிட்டு நீங்களே போய்க் கேளுங்கள்.

மூன்றாம்பாகம்:
நான் சொன்ன அதே பதில்தான். படை உள்ளே வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறைப்பையன்:
இல்லை நண்பா, அது 2001இல் வந்த மூன்றாம் பாகத்தின் கதை. அதில் ரைட் ஆஃப் பாசேஜ் (கடந்து செல்லும் உரிமை) வாங்கிக்கொண்டு உள்ளே நின்றபடியே போர் அறிவிக்கலாம், பெயர் மட்டும் நாறிப்போகும். நான்காம் பாகத்தில் போர் அறிவித்த உடனே எல்லைக்குள் இருக்கும் படை முழுவதையும் ஆட்டமே தூக்கி வெளியே வைத்துவிடும். தலைநகரத்து வாசலில் நின்று அடிக்க வழியே இல்லை.

மூன்றாம்பாகம்:
வெளியே என்றால் எங்கே? பக்கத்தில் இருக்கும் காலி கட்டத்தில்தானே? கிழக்கே காலி நிலம் இருக்கிறது என்கிறார். அந்தப் பக்கம் போய் விழுந்தால்?

பட்டறைப்பையன்:
அது நியாயமான கேள்விதான். நடக்கக்கூடியதுதான், ஆனால் கணினி எதிரி அதைத் திட்டமிட்டுச் செய்து நான் பார்த்ததில்லை.

நெய்தல்:
எல்லாரும் இசபெல்லாவையே பார்க்கிறீர்கள். மோன்டேசுமாவுக்கு அவளைப் பிடிக்குமா? இரண்டு பேரும் வேறு வேறு மதம் என்கிறார். அவனுடைய பரம எதிரி அவள்தான் என்றால், இந்த ஒப்பந்தம் போட்டதற்கே எதிரியோடு வியாபாரம் செய்தாய் என்று உங்கள் கணக்கில் கழிப்பான். மோன்டேசுமாவிடம் கழித்தல் வாங்குவது நல்லதல்ல. வெளியுறவு ஆலோசகர் திரையைத் திறந்து யார் யாரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள்.

இன்னும் ஒன்று. அவனிடம் பேச்சுவார்த்தைத் திரையில் யார் மீதாவது போர் தொடுக்கச் சொல்லிக் கேட்கும் வரி இருக்கும், அது சிவப்பாக இருந்தால் சுட்டியை அதன் மேல் வையுங்கள். ஏற்கெனவே கை நிறைய வேலை இருக்கிறது என்று காரணம் காட்டினால், அவன் யாரையோ அடிக்கத் தயாராகிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். யாரை என்று சொல்லமாட்டான்.

இன்னும்_ஒரே_டர்ன்:
அவன் இப்போதே என் மேல் எரிச்சலில்தான் இருக்கிறான். அந்த வரியைப் பார்க்கவில்லை, இந்தத் திரையை மூடினால்தான் அங்கே போக முடியும். ஒரு சந்தேகம், வியாபாரத்துக்கு நல்லது என்று எங்கோ படித்தேனே? நான் ஆடும் தலைவர் ஹன்னிபால். கிரேட் லைட்ஹவுஸ் அதிசயத்தைக் கட்டியிருக்கிறேன்.

கப்பல்காரி:
என்னது?

கப்பல்காரி:
நிறுத்துங்கள், நிறுத்துங்கள். கிரேட் லைட்ஹவுஸை வைத்துக்கொண்டா எல்லையைத் திறக்கலாமா என்று கேட்கிறீர்கள்? கடற்கரை நகரம் எத்தனை?

இன்னும்_ஒரே_டர்ன்:
5இல் 4 கடற்கரை.

கப்பல்காரி:
அந்த அதிசயம் ஒவ்வொரு கடற்கரை நகரத்துக்கும் 2 வணிகப் பாதை கூடுதலாகத் தருகிறது. ஏற்கெனவே உள்ள 1ஐச் சேர்த்து நகரத்துக்கு 3. நான்கு நகரத்துக்கு 12. கரன்சி தொழில்நுட்பம் கண்டுபிடித்தால் எல்லா நகரத்துக்கும் இன்னும் ஒன்று. ஹன்னிபாலுக்கு மட்டும் உள்ள கோத்தான் துறைமுகம் வந்தால் அதற்கு மேலும் ஒன்று. ஓப்பன் பார்டர்ஸ் இல்லாவிட்டால் இவை அத்தனையும் உங்கள் சொந்த நகரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஆளுக்கொரு காசு தரும். வெளிநாட்டு நகரத்தோடு போனால் அதைவிட அதிகம், சமாதானம் நீடிக்க நீடிக்க இன்னும் கூடும். இசபெல்லா கேட்கிறாள் என்றால் இந்த டர்னிலேயே கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு டர்னும் பணம் வீணாகிறது. செய்லிங் தொழில்நுட்பம் இருக்கிறதா, அவள் கரை வரை கடலை உளவு பார்த்துவிட்டீர்களா, அதை மட்டும் பாருங்கள்.

கோட்டைச்சாமி:
அம்மா, 12 பாதை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. பாஞ்சியா. எல்லாரும் ஒரே கண்டம், கடல் கடந்த வியாபாரத்துக்கான கூடுதல் கிடையாது. இரண்டு நகரத்துக்கான நிலத்தைக் கொடுத்துவிட்டு டர்னுக்குச் சில காசு வாங்குவது என்ன கணக்கு? நிலம் கடைசி வரை இருக்கும்.

கப்பல்காரி:
மோனார்க்கில் 5 நகரத்தோடு பராமரிப்புச் செலவில் ஆராய்ச்சியைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய் நிலம் நிலம் என்கிறீர்கள். அந்த இரண்டு நகரத்தைக் கட்டவே காசு வேண்டும். அவள் உங்கள் கொல்லைப்புறத்தில் ஒரு நகரம் போட்டால்தான் என்ன? தலைநகரத்திலிருந்து தூரம், சுற்றிலும் உங்கள் கலாசாரம், நெருக்கினால் ஒரு நாள் உங்கள் பக்கம் சாயும். அதுவரை வியாபாரத்துக்கு இன்னொரு வெளிநாட்டு நகரம்.

கோட்டைச்சாமி:
புனித நகரம் வைத்திருக்கும் இசபெல்லாவின் நகரம் கலாசாரத்தில் சாயும் என்று காத்திருங்கள். நான் அதற்குள் இன்னொரு ஆட்டம் முடித்துவிடுவேன்.

நெய்தல்:
மதம் பற்றி ஒரு வரி. எல்லை திறந்தால் அவளுடைய மதப் பரப்பாளர்கள் வருவார்கள். அது நல்லதா கெட்டதா என்பது உங்கள் திட்டத்தைப் பொறுத்தது. பௌத்தம் பரவி நீங்களும் அதையே அரச மதமாக்கினால் இசபெல்லாவைப் போல ஒட்டிக்கொள்ளும் தோழி கிடையாது, மோன்டேசுமா பகை நிச்சயம். புனித நகரம் அவளிடம் இருந்தால், அவள் மதம் பரவிய நகரங்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் பார்ப்பாள். வேண்டாமென்றால் பின்னால் பிற மதங்கள் பரவாமல் தடுக்கும் தியோக்ரசி ஆட்சிமுறை இருக்கிறது, ஆனால் அதற்கு உங்களுக்கே ஒரு மதம் வேண்டும்.

அறுகோணம்:
இவ்வளவு தலைவலி எதற்கு? ஐந்தாம் பாகத்துக்கு வாருங்கள். அவளுக்கு எல்லையை விற்கலாம், பதிலுக்கு நீங்கள் திறந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை, ஒருபக்க ஒப்பந்தமே போடலாம். அறுகோணக் கட்டம், ஒரு கட்டத்தில் ஒரு படை, பார்க்கவே அழகு.

கோட்டைச்சாமி:
ஒரு கட்டத்தில் ஒரு படை என்பதால்தான் எல்லை திறந்தவன் படை உன் சாலையில் வரிசையாக நின்று உன் தொழிலாளியையே வழிமறிக்கிறது. 2010இல் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான்காம் பாகத்துக்கே திரும்பினேன். கணினிக்கு அந்த முறையில் படை நடத்தவே தெரியாது.

அறுகோணம்:
நான்காம் பாகத்தில் மட்டும் தெரியுமா? ஒரே கட்டத்தில் 30 படையை அடுக்கிக்கொண்டு வருவதற்குப் பெயர் போர்த்தந்திரமா?

கிட்டார்ப்படை:
ஆறாம் பாகத்தில் துணைப்படைகளை முக்கியப் படையோடு சேர்த்து வைக்கலாம், இந்தச் சண்டைக்கே இடமில்லை.

கோட்டைச்சாமி:
ஆறாம் பாகத்தைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்த இழை போதாது.

மூன்றாம்பாகம்:
அடுக்கிக்கொண்டு வந்தால் ஒரு கல்லெறி பொறியை உள்ளே விட்டால் போதுமே, அடுக்கில் பல படைகள் ஒரே நேரத்தில் காயப்படும். இதுகூடத் தெரியாமல் 30 படை என்று பயமுறுத்துகிறார்.

அறுகோணம்:
கல்லெறி பொறியைத் தற்கொலைக்கு அனுப்புவதும் தந்திரமா?

மட்டுறுத்துநர்:
அடுக்கா ஒற்றையா என்ற விவாதத்துக்கு நிரந்தர இழை இருக்கிறது, அங்கே போங்கள். இங்கே கேட்டவருக்கு மட்டும் பதில்.

பட்டறைப்பையன்:
இரண்டு பேர் சொல்வதும் ஒரே ஆட்டத்தின் வேறு வேறு கட்டத்துக்குச் சரி. கிழக்கு நிலத்துக்குப் போகும் வழி எவ்வளவு அகலம்? பாஞ்சியாவில் பெரும்பாலும் ஏதாவது ஒரு இடத்தில் மலையோ கடலோ குறுக்கி வரும். அங்கே ஒரு நகரம் போட்டு, அதன் எல்லை விரிந்து, உள்ளே கிடக்கும் நல்ல இடத்தில் இரண்டாவது குடியேற்றக்காரன் கிளம்பிவிட்டால் மீதி நிலத்துக்காக அவள் அவ்வளவு தூரம் வருவது குறைவு. எனவே குடியேற்றக்காரன் ஏற்கெனவே கிளம்பியிருந்தால் இப்போதே ஒப்புக்கொள்ளலாம், இன்னும் கட்டவே ஆரம்பிக்கவில்லை என்றால் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகரம் அமைத்த டர்னில் நீங்களே கேளுங்கள். ஒரு தடவை மறுத்தால் அவள் உலகத்தையே கவிழ்க்கமாட்டாள்.

அவள் துடுப்புக் கப்பலில் கரையோரமாகச் சுற்றி வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் கரை முழுவதும் உங்கள் கலாசாரத்தில் இருந்தால் அந்த வழியும் அடைபடும், நடுவில் ஓட்டை இருந்தால் எல்லையைச் சாத்தியதால் பயனில்லை.

குடியேற்றக்காரன் எந்த நிலையில் இருக்கிறான்?

கப்பல்காரி:
கரை முழுவதும் அடைபட்டிருக்க வாய்ப்பே இல்லை, நான்கு நகரம்தான். எப்படியும் வருவாள். கையெழுத்துப் போடுங்கள்.

நெய்தல்:
மோன்டேசுமா பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

கோட்டைச்சாமி:
வராது. டர்னை முடித்துவிட்டுப் போயிருப்பார்.

இன்னும்_ஒரே_டர்ன்:
மன்னிக்கவும், கரண்ட் போய்விட்டது. குடியேற்றக்காரன் கட்ட ஆரம்பிக்கவில்லை. ஆனாலும் கப்பல்காரி அக்கா சொன்னபடி போட்டுவிட்டேன், ஆராய்ச்சி நன்றாகவே ஏறியது. கிழக்கே அவள் ஒரு நகரம் போட்டுவிட்டாள். மோன்டேசுமா போர் அறிவித்துவிட்டான், ஆனால் அவள் மேல். இப்போது நானும் சேர வேண்டும் என்று இரண்டு பேரும் கேட்கிறார்கள். அதற்கு வேறு இழை போடவா, இங்கேயே கேட்கவா?

மட்டுறுத்துநர்:
வேறு இழை. ஐந்து விவரத்தையும் எழுதுங்கள்.

நெய்தல்:
போடும்போது அந்தக் கிழக்கு நகரத்தில் அவள் எத்தனை வில்லாளி வைத்திருக்கிறாள் என்பதையும் எழுதுங்கள். எல்லை திறந்துதானே இருக்கிறது, ஒரு குதிரைவீரனை அனுப்பினால் எண்ணிவிட்டு வந்துவிடலாம்.