ஆதிக்குடி கிராமங்களில் நீச்சல்குளம்: சிரங்கு குறைகிறது, காதுச் சீழும் நிற்குமா?

பாலைநீர்:
மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜிகலாங், முகாரின்யா ஆகிய ஆதிக்குடி கிராமங்களில் 2000-இல் குளம் வந்தபின் பிள்ளைகளுக்குச் சிரங்கு நன்றாகக் குறைந்தது என்று படித்தேன். காதில் சீழ் வடிவதும் நிற்குமா? போர் தண்ணீர் மட்டுமே உள்ள, 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் 3 லட்சம் லிட்டர் குளத்தை எப்படிப் பராமரிப்பது?

செவிப்பறை:
சிரங்குக்குப் பலன் உறுதி. 2003-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கணக்குப்படி, குளம் திறந்து 18 மாதங்களில் சீழ்ச்சிரங்கு ஓர் ஊரில் 62 சதவீதத்திலிருந்து 18 ஆகவும், மற்றதில் 70-லிருந்து 20 ஆகவும் இறங்கியது. சிரங்கில் தங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் பிறகு சிறுநீரகமும் பாதிக்கப்படலாம் என்பதால் இது சின்ன விஷயமில்லை. ஆனால் தோலுக்குள் புகுந்து அரிப்பைத் தரும் சொறிப்பூச்சியைக் (ஸ்கேபீஸ்) குளம் கொல்லாது; அதற்கு வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் பெர்மெத்ரின் க்ரீம் பூச வேண்டும்.

காது விஷயம் வேறு. அதே ஆய்வில் செவிப்பறை ஓட்டை இரு ஊர்களிலும் 32 சதவீதத்திலிருந்து முறையே 13, 18 என்று குறைந்தது உண்மை. ஆனால் குளமில்லாத ஊரோடு ஒப்பிடவில்லை. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவை 4 வாரம் நீந்தவிட்ட ஆய்வில் (2013-இல் வெளியானது) சீழ் வடிவது சொல்லும்படி குறையவில்லை, கூடவும் இல்லை. ஆகவே சீழ் வடியும் காதை டிஷ்யூ தாளைத் திரித்து உலர்த்தி, சிப்ரோஃப்ளாக்சசின் (ஆன்டிபயாடிக்) சொட்டு விடுவதை நிறுத்தாதீர்கள்.

"பள்ளிக்கு வந்தால்தான் குளம்" என்ற விதி பல ஊர்களில் உண்டு. வராத பிள்ளைக்கும் சிரங்கு இருக்குமே. வாரத்தில் சில மணி நேரமாவது எல்லோருக்கும் திறந்துவிடுவதே சரி என்பேன்.

மணல்வடிகட்டி:
ஃப்ரீ குளோரின் (கிருமியைக் கொல்லத் தயாராக நீரில் இருக்கும் குளோரின்) 2–3 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பிஎச் (அமில-காரத் தன்மை) 7.2–7.6. உங்கள் குளத்தில் 1 பிபிஎம் ஏற்ற 65% கால்சியம் ஹைப்போகுளோரைட் (சுருக்கமாக ஹைப்போ) சுமார் 460 கிராம் வேண்டும். வெயில் குளோரினைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். தடுக்க சயனூரிக் அமிலம் 30–50 பிபிஎம். அதற்கு மேல் போனால் குளோரின் மந்தமாகிவிடும், பாதித் தண்ணீரை இறக்கிப் புதிது விடுவதுதான் வழி. சயனூரிக் அமிலமும் அடங்கிய ட்ரைகுளோர் என்ற குளோரின் மாத்திரையே போட்டுவந்தால் இந்த அமில அளவு சத்தமில்லாமல் ஏறும்.

பெரிய தொல்லை போர் தண்ணீரின் சுண்ணாம்பு. 25×10 மீட்டர் குளத்தில் நாளுக்கு 10 மில்லிமீட்டர் ஆவியானால் 2,500 லிட்டர் போச்சு. தண்ணீர் போகும், சுண்ணாம்பு தங்கும். வடிகட்டி மணல் கட்டிதட்டும்; உப்புக் குளோரினேட்டர் (உப்பு நீரிலிருந்து மின்சாரத்தால் குளோரின் தயாரிக்கும் கருவி) இருந்தால் அதன் தகடுகளில் வெள்ளைப் படிவம் ஏறி உற்பத்தி விழும். சுண்ணாம்பு படியாமலிருக்கப் பிஎச்சை 7.6 தாண்ட விடாதீர்கள். பேக்வாஷை (தண்ணீரைத் திருப்பி ஓடவிட்டு வடிகட்டி மணலைக் கழுவுவதை) நாள் பார்த்துச் செய்ய வேண்டாம். வடிகட்டியின் அழுத்தமானி சுத்தமான நிலையைவிட 50 கிலோபாஸ்கல் ஏறும்போது செய்தால் தண்ணீர் மிச்சம்.

ஹைப்போவையும் ட்ரைகுளோரையும் ஒரே கரண்டியால்கூட அள்ளாதீர்கள். கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும்.

பாலைநீர்:
நன்றி. ஹைப்போ போட்ட கொஞ்ச நேரத்தில் சோதித்தால் குளோரின் அளவைக் காட்டும் டிபிடி சோதனை மாத்திரை நிறமே காட்டுவதில்லையே, ஏன்? குழந்தை குளத்தில் வயிற்றுப்போக்கு போய்விட்டால்?

மணல்வடிகட்டி:
குளோரின் மிக அதிகமானாலும் டிபிடி வெளுத்துவிடும். குளோரின் இல்லை என்று நினைத்து மேலும் கொட்டிவிடாதீர்கள். ஒரு பங்கு குளத்து நீரோடு நான்கு பங்கு காய்ச்சிவடித்த நீர் கலந்து சோதித்து, வருவதை ஐந்தால் பெருக்குங்கள்.

வயிற்றுப்போக்கு என்றால் உடனே எல்லோரையும் வெளியேற்றிக் குளத்தை மூடுங்கள். வயிற்றுப்போக்கைத் தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சாதாரணக் குளோரினுக்குச் சாகாது. சயனூரிக் அமிலம் 15 பிபிஎம்முக்குக் கீழ் இறங்கும்வரை தண்ணீரை மாற்றி, பிஎச் 7.5-க்கு மேல் போகாமல், குளோரினை 20 பிபிஎம்மில் வைத்து 28 மணி நேரம் பம்பை ஓடவிடுங்கள். 2-லிருந்து 20-க்கு ஏற்ற ஹைப்போ சுமார் 8.3 கிலோ, இந்த அளவு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும், அடுத்த லாரிக்குக் காத்திருக்க முடியாது. முடிந்ததும் பேக்வாஷ் செய்து, அந்த நீரைக் குளத்துக்குத் திருப்பாமல் வெளியே விட்டு, குளோரின் 3-க்கு இறங்கிய பிறகு திறவுங்கள்.