ஆச்சியின் கைப்பிடி அரிசி

ஆச்சி போய் இரண்டு வருஷம் ஆகிறது. 93 வயது. ஊரில் கல்யாணச் சாவு என்றார்கள். அந்தச் சொல் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தாய்க்கு 93 ஆனால் என்ன, 53 ஆனால் என்ன என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆச்சி கையில் வளர்ந்தவள் நான். இருந்தும் துக்க வீட்டில் பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மூன்று நாளில், வந்து போனவர்கள் சொல்லித்தான் சில விஷயங்கள் எனக்குத் தெரிய வந்தன.

முதலில் ஆச்சியைப் பற்றிக் கொஞ்சம். 1930இல் நாசரேத் பக்கம் பிறந்தவள். எஸ்.பி.ஜி. மிஷன் குடும்பம். தாத்தா மெஞ்ஞானபுரம் பக்கம், சி.எம்.எஸ். இரண்டும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷன்கள்தான், ஆனால் வழிபாட்டு முறை வேறு வேறு. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்லாமலே புரியும். அதற்குள் இரண்டும் ஒரே பேராயரின் கீழ் ஒரே திருமண்டலமாகி, 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபையும் வந்தாகிவிட்டது. ஆனாலும் 1951இல் பெண் பார்க்க வந்த தாத்தாவின் அம்மா, "எஸ்.பி.ஜி. பொண்ணா? சிலுவை போட்டுக் கும்பிடுற கூட்டமாச்சே" என்று இழுத்தாராம். பெண் டீச்சர் டிரெயினிங் முடித்தவள் என்றதும் அந்த இழுவை நின்றுவிட்டது. மெஞ்ஞானபுரத்தில், அந்த 192 அடி தேவாலயக் கோபுரத்துக்குக் கீழே கல்யாணம். அப்புறம் 1988 வரைக்கும் மிஷன் தொடக்கப் பள்ளிகளில் வேலை.

துக்க வீட்டில் முதல் நாள் சாயங்காலம் ஒருவர் வந்தார். எழுபது வயதிருக்கும். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பெட்டியின் தலைமாட்டில் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய அப்பா தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டில் பனையேறி. பதநீர் சீசன் வந்தால் பள்ளிக்கூடம் காலியாகிவிடும். 1956இல் காமராஜர் மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த பிறகும், அந்த நாலைந்து மாசம் பயல்களைப் பிடிக்க முடியாது. அப்பா இறக்கிய பதநீரைச் சுமக்க வேண்டும், விடிலிக் குடிசையில் அம்மா அதைக் காய்ச்சும்போது அடுப்புக்கு ஓலை தள்ள வேண்டும்.

"டீச்சர் விடிலிக்கே வந்துட்டாங்கம்மா" என்றார். பள்ளி விட்டு, செம்மணலில் கால் புதையப் புதைய நடந்து வருவாளாம். பதநீர் கொதித்துக் கூப்பனியாகி, அதுவும் இறுகிக் கருப்பட்டிப் பதம் வருகிற நேரம். சிரட்டைகளை மணலில் வரிசைக்கு ஒன்பதாக அடுக்கச் சொல்வாளாம். அம்மா அகப்பையால் பாகை ஊற்றிக்கொண்டு போக, இவர் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போக வேண்டும். ஓரொன்பது ஒன்பது, ஈரொன்பது பதினெட்டு. தப்பினால் அந்த வரிசைக் கருப்பட்டி முழுக்க டீச்சருக்கு. "ஏழாவது வரிசையில தினமும் மாட்டுவேன். ஒரு நாளும் எடுத்துட்டுப் போனதில்ல. எங்க அம்மா கும்பிட்டுக் கொடுத்தாலும் வாங்க மாட்டாங்க. ஒரே ஒரு சிரட்டை சூட்டோட தின்னுட்டு, சேலைத் தலைப்பால வாயைத் துடைச்சுக்கிட்டுப் போயிருவாங்க."

கருப்பட்டியை அப்படிச் சூடாகத் தின்கிற ஆச்சியை நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்த ஆச்சிக்குச் சர்க்கரை வியாதி.

மற்றவர்கள் சொன்னதெல்லாம் ஓரளவு தெரிந்த கதைதான். பம்பாயில் இருந்த புருஷனுக்குக் கடிதம் எழுதித் தந்தது, மணியார்டர் பாரம், முதியோர் பென்ஷன் மனு. தெருவுக்கே எழுத்தர் ஆச்சிதான்.

ஆச்சியைத் தேவதூதராக்கிவிடவும் எனக்கு மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை டிவி போட்டால் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். என் சித்தி மகள் இந்துப் பையனைக் கட்டிக்கொண்டபோது கல்யாணத்துக்கு வரவில்லை. வீட்டில் எத்தனை பேர் கெஞ்சியும் அசையவில்லை. மூன்று வருஷம் கழித்து அவளுக்குக் குழந்தை பிறந்ததும், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிரசவ மருந்து கிண்டி, டப்பாவில் அடைத்து, தானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அந்தப் பஸ் பயணம்தான் ஞாபகம் இருக்கிறது. எனக்குக் கல்யாண மண்டபத்தின் முதல் வரிசையில் காலியாகக் கிடந்த நாற்காலியும் ஞாபகம் இருக்கிறது.

சரி, கைப்பிடி அரிசிக்கு வருகிறேன். சோறு வடிக்க அரிசியை அளந்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகப் போட்டுவைப்பார்கள். வாரம் ஒருமுறை சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து வந்து வாங்கிப் போவார்கள். விற்ற பணம் மிஷனெரி ஊழியத்துக்கு. 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், நம் ஆட்கள், நம் பணம் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பிய கதையை ஆச்சி நூறு தடவை சொல்லியிருப்பாள். மெஞ்ஞானபுரம் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1912இல் அந்தத் தோர்ணக்கல்லுக்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுதான் முதல் தடவை. "அவரு சாப்பிட்ட சோத்துல எங்க அம்மை போட்ட அரிசியும் உண்டு" என்பாள். பணம்தானே ஆச்சி போகும், அரிசி எப்படிப் போகும் என்று கேட்டால் முறைப்பாள்.

இரண்டாம் நாள் ராத்திரி, தாத்தாவின் தங்கை பேச ஆரம்பித்தார். அவருக்கே 85 தாண்டிவிட்டது. ஆச்சியை மைனி என்றுதான் சொல்வார்.

அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தது எங்களுக்குத் தெரியும். 1968இல் ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டார். சுவரில் படம்கூடக் கிடையாது. தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு ஆச்சி கோயிலுக்குப் போனாள். பாய் விரித்து உட்கார்ந்தாள். பாடவில்லை. அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. அப்படிப் பதினாலு மாசம். டீச்சரே திருவிருந்து எடுக்கவில்லை என்றால் சபை சும்மா இருக்குமா? ஐயர் வீட்டுக்கு வந்தார். சபைக் குருவானவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பிள்ளைகளை எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைத் தொடங்கியிருக்கிறார். ஆச்சி நடுவிலேயே சொன்னாளாம்:

"ஐயரே, எனக்கும் அவருக்கும் இப்போ பேச்சுவார்த்தை இல்ல. ஆனா அவருக்குச் சேர வேண்டியதை நான் நிறுத்தல. அரிசிப் பானையைப் போய்ப் பாருங்க."

ஐயர் எழுந்து அடுக்களைக்குப் போய்ப் பார்த்தாராம். பானையில் முக்கால் வாசி அரிசி. ஒன்றும் சொல்லாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நல்ல ஐயர் என்று எனக்குத் தோன்றியது.

"அப்புறம் எப்படிப் பாட்டி சரியாச்சு?" என்று கேட்டேன்.

"எப்படின்னு யாருக்குத் தெரியும்? அசன விருந்துக்கு முந்தின ராத்திரி, கோயில் பின்னால பொம்பளைங்க எல்லாரும் சுத்தி உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தோம். யாரோ ஒரு கீர்த்தனையை எடுத்தா. ரெண்டாவது சரணத்துல பாத்தா மைனி குரலும் சேர்ந்து கேக்குது. ஒருத்தியும் தலை தூக்கல. பாத்தா நிறுத்திருவாளோன்னு பயம். எல்லாருக்கும் கண்ணுல தண்ணி. வெங்காயம்லா, யாரும் எதுவும் கேக்க முடியாது."

அப்பா திண்ணையில் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். "அந்த வருஷம் அம்மா பாடாதது எனக்குத் தெரியும் அத்தை" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. "ஐயர் வந்தது தெரியாது."

மூன்றாம் நாள் அரிசி வாங்கும் முறை. வழக்கமாக வருகிற அக்கா வாசலில் வந்து தயங்கி நின்றார். அம்மா உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்தாள். பானை எப்போதோ உடைந்துபோய், கடைசிக் காலத்தில் ஒரு ஹார்லிக்ஸ் டப்பாதான். ஆச்சி சமைப்பதை விட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் அம்மா உலை வைக்கிற நேரத்துக்கு நாற்காலியைப் பிடித்துப் பிடித்து அடுக்களைக்கு வந்துவிடுவாள். விரல் மடங்காது, பாதி அரிசி தரையில் சிந்தும், அம்மா பெருக்கி எடுப்பாள். ஆச்சி இறந்தது புதன் விடியற்காலை. டப்பாவில் செவ்வாய் வரைக்கும் போட்ட அரிசி இருந்தது. உழக்கு அளவுகூட வராது.

அந்த அக்கா பையில் கொட்டிக்கொண்டு நோட்டைத் திறந்தார். "ஆச்சி பேருல எழுதவா, இல்ல இனிமே அக்கா பேரா?" என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"இந்த வாரம் அம்மா பேருலயே எழுதிக்கோங்க" என்றார் அப்பா.