அட்ரோனாக் ராசியை எடுத்துட்டு மாட்டிக்கிட்டேன், மாரோவிண்டை முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா?

நிலாப்பக்கம்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா மாரோவிண்ட் ஆடிக்கிட்டிருக்கேன். 2002-ல வந்த கேம், நான் பொறந்ததே அதுக்கப்புறம்தான். எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில எனக்கு இதுதான் முதல்.

கப்பல்லேர்ந்து செய்டா நீன்ல இறங்கினதும் ஆபீஸ்ல ஒரு பெரியவர் தொழில் என்னன்னு கேட்டு எழுதிக்கிட்டார். அப்புறம் எந்த நட்சத்திரக் கூட்டத்துல பொறந்தேன்னு கேட்டார். பதிமூணு படம் வந்தது. அரை மணி நேரம் ஒவ்வொண்ணா பார்த்துட்டு அட்ரோனாக் எடுத்தேன். காரணம் எளிசு: என் ஆளு பிரெட்டன்ங்கற இனத்துப் பொண்ணு, மந்திரவாதி, புத்தி 60. இந்த ராசியோட சேர்ந்து மேஜிகா, அதாவது மந்திர சக்தி, 210 வந்துச்சு. அந்த நம்பரைப் பார்த்ததும் வேற எதையும் படிக்கத் தோணலை.

ஊருக்குப் பக்கத்துக் குகைக்குள்ள போயி எல்லாத்தையும் செலவழிச்சேன். படுத்துத் தூங்கினா ஏறிடும்னு நினைச்சேன். 24 மணி நேரம் தூங்க வெச்சும் மேஜிகாவைக் காட்டுற நீலக் கோடு ஒரு நூல்கூட நகரலை. இப்ப பால்மோரா ஊர்ல, மேஜஸ் கில்டுங்கற மந்திரவாதிங்க சங்கத்துல நிக்கிறேன். அங்க இருக்கிற அஜிராவுக்குக் காளான் பொறுக்கிக் கொடுத்தாச்சு. மேஜிகா 4. பதினோரு மணி நேரம் ஆடின ஆட்டம் இது. விட மனசு வரலை.

ரெண்டு கேள்வி. அழிச்சுட்டு வேற ராசில ஆரம்பிக்கலாமா? இன்னொண்ணு, இந்த ராசியெல்லாம் வெறும் எண்ணுக்காக வெச்சதா, இல்ல அந்த உலகத்துல இதுக்கு அர்த்தம் இருக்கா? வருஷத்துக்குப் பன்னெண்டு மாசம்தானே, பதிமூணாவது எதுக்கு?

கல்தூண்:

ஆரம்பிச்சுடுங்க. நீங்க பிரெட்டன், உங்களுக்குப் பிறவியிலேயே மந்திரத்தை 50 சதவீதம் தாங்குற சக்தி உண்டு. அப்ரண்டிஸ் ராசி எடுத்தா புத்தியைப் போல ஒன்றரை மடங்கு மேஜிகா கூடும். அதோட குறை, மந்திரம் 50 சதவீதம் கூடுதலா தாக்கும். ரெண்டும் நேருக்கு நேர் கழிஞ்சுபோயிடும். உங்க கணக்குல 180 வரும், தூங்கினா நிரம்பும். அட்ரோனாக்ல கிடைக்கிற அந்த 30-க்காகக் கஷ்டப்பட வேண்டியதில்லை.

மழைக்கை:

தங்கச்சி, அழிக்காதம்மா. கல்தூண் சொன்ன கணக்கு சரி, அதுல நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அழிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடு.

2005-ல பெரியப்பா வீட்டு கம்ப்யூட்டர்ல இந்த கேம் ஆடினேன். பரீட்சை லீவு. டன்மர்ங்கற இனத்து என் ஆளும் அட்ரோனாக்தான். உனக்கு நடந்தது அப்படியே எனக்கும் நடந்துச்சு. சொல்லித்தர யாரும் இல்லை, நெட் கனெக்‌ஷனும் இல்லை. நாலு நாள் வாளைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். அந்த நாலு நாள்லதான் ராசின்னா என்னன்னு புரிஞ்சது.

முதல்ல வழி சொல்றேன். உன் உடம்புல தானா மேஜிகா ஊறாது, ஆனா எதிராளி உன் மேல விடுற மந்திரத்துல பாதிக்குப் பாதி உள்ள போயி மேஜிகாவா மாறும். அதனால உன்மேல மந்திரம் விட ஒருத்தரை நீயே வரவழைச்சுக்கோ. மூதாதை ஆவியை வரவழைக்கிற மந்திரத்தை விலைக்கு வாங்கு. ஊருக்கு வெளியே, யாரும் இல்லாத இடத்துல அதை வரவழைச்சு, கத்தியால ரெண்டு மூணு தட்டு தட்டு. கோபத்துல உன்மேலயே சாபம் விடும். ஒவ்வொரு சாபத்துக்கும் பாதி வாய்ப்பு, விழுந்தா நீலக் கோடு படக்குனு ஏறும். முதல் தடவை அது ஏறினப்ப நான் நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ: ஆவியை வரவழைக்கிற அளவுக்கு மேஜிகாவை எப்பவும் மிச்சம் வை. ஏழை வீட்டுல விதைநெல்லைத் தொடமாட்டாங்களே, அந்த மாதிரி.

இப்ப உன்கிட்ட 4 தான் இருக்கு, அதுக்கு மருந்து வேணும். அஜிராகிட்டயே கல்வமும் குழவியும் கேட்டுப் பாரு. வைவெக் நகரத்துக்கு வடக்கே, பெலகியாட் பக்கம் வயல்வெளியெல்லாம் காம்பெர்ரிச் செடி. சிவப்பா சின்னச் சின்னப் பழம், காசு கொடுக்க வேண்டாம், பறிச்சுக்கலாம். அதோட ஃப்ராஸ்ட் சால்ட்ஸோ வாய்ட் சால்ட்ஸோ சேர்த்து அரைச்சா மேஜிகா ஏத்துற மருந்து. அந்த உப்பு எங்கேர்ந்து கிடைக்குது தெரியுமா? பனி அட்ரோனாக், புயல் அட்ரோனாக் செத்தா அதுங்க உடம்புலேர்ந்து. உன் ராசிக்குப் பேரு கொடுத்த பிராணியோட உப்புதான் உன் ராசியோட குறைக்கு மருந்து. இதை எழுதினவங்க தெரிஞ்சு செஞ்சாங்களோ என்னவோ, எனக்கு இன்னைக்கும் நினைச்சா சிலிர்க்கும்.

ரெண்டாவது கேள்வி. அர்த்தம் நிறையவே இருக்கு. அந்த உலகத்துல நட்சத்திரம்ங்கறது எரியுற கோளம் இல்லை, வானத்துல விழுந்த ஓட்டை. உலகத்தைப் படைக்க உதவின மேக்னஸ், பாதியிலேயே வானத்தைக் கிழிச்சுக்கிட்டு வெளியே போயிட்டான். அந்தக் கிழிசல்தான் சூரியன். கூடப் போனவங்க போட்ட ஓட்டைங்கதான் நட்சத்திரங்கள். அந்த ஓட்டைங்க வழியா அந்தப் பக்கத்து ஒளி இங்க கசியுது, அந்தக் கசிவுதான் மந்திரம். அப்போ உன் ராசிங்கறது, நீ பொறந்த நேரம் எந்த ஓட்டை வழியா மந்திரம் உன்மேல விழுந்ததுங்கறது. மேஜிகா அளவை ராசி மாத்துறதுக்குக் காரணமே இதான்.

பதிமூணுக்கு வர்றேன். வாரியர், மேஜ், தீஃப் மூணும் காவல் ராசிங்க. ஒவ்வொண்ணுக்கும் மூணு பிள்ளைங்க. மேஜோட பிள்ளைங்க அப்ரண்டிஸ், அட்ரோனாக், ரிச்சுவல். வாரியருக்கு லேடி, ஸ்டீட், லார்ட். தீஃபுக்கு லவ்வர், ஷேடோ, டவர். ஆக பன்னெண்டு, மாசத்துக்கு ஒண்ணு. உன் அட்ரோனாக்குக்குப் பதினோராவது மாசம். பதிமூணாவது சர்ப்பம். அதுக்கு மாசமே கிடையாது, ஒரு இடத்துல நிக்காம மத்தவங்களைத் துரத்திக்கிட்டே சுத்தும். அதுகிட்டேர்ந்து பிள்ளைங்களைக் காப்பாத்துறதுதான் மூணு காவலுக்கும் வேலை.

கடைசியா ஒண்ணு, கதை கொஞ்சம் வெளிய வரும், வேண்டாம்னா இந்தப் பத்தியை விட்டுடு. உன்னைச் சிறையிலேர்ந்து விடுவிச்சு அந்தத் தீவுக்கு அனுப்பினதே பேரரசர்தான். எதுக்கு? பெத்தவங்க யாருன்னு தெரியாம, குறிப்பிட்ட ஒரு நாள்ல பொறந்த ஆளைப் பத்தி அங்க ஒரு பழைய வாக்கு இருக்கு, உன் பிறப்பு அதுக்குப் பொருந்துது. ஆபீஸ்ல அந்தப் பெரியவர் கேட்டாரே, அது சும்மா கேட்ட கேள்வி இல்லை. 2011-ல வந்த ஸ்கைரிம்ல இதே பதிமூணையும் கல்லா நட்டு வெச்சுட்டாங்க. காலையில ஒரு கல்லைத் தொட்டா வாரியர், சாயங்காலம் இன்னொண்ணைத் தொட்டா தீஃப். நல்ல கேம், நானும் ஆடினேன். ஆனா அதுல என் ஆளு எந்தக் கல்லுல இருந்தான்னு இப்ப கேட்டா ஞாபகம் இல்லை. அந்த டன்மர் அட்ரோனாக்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அத்திமரம்:

என் அப்பா ஜோதிடர், சின்ன வயதிலிருந்து பஞ்சாங்கத்தோடு வளர்ந்தவள். கேம் அதிகம் ஆடியதில்லை, ஆனால் மழைக்கை அண்ணா எழுதியதைப் படித்ததும் சொல்லத் தோன்றியது.

அந்தப் பன்னிரண்டும் மாதக் கணக்கு. சூரியன் மேஷத்தில் நுழைந்தால் நமக்குச் சித்திரை பிறப்பது போல. ஆனால் நம்மிடம் ஒருவர் "என் ராசி கடகம்" என்றால் அது சூரியன் இருந்த இடம் இல்லை, பிறந்தபோது சந்திரன் இருந்த இடம். சந்திரன் ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டேகால் நாள். அதனால்தான் ஒரே மாதத்தில் பிறந்த அக்கா தங்கைக்குக்கூட ராசி வேறாக இருக்கும்.

அந்த சர்ப்பம் எனக்கு ராகு கேதுவை நினைவூட்டியது. அவைகளுக்கும் சொந்த வீடு இல்லை. மற்றவை ஒரு பக்கம் போனால் இவை எதிர்ப்பக்கம் போகும், ராசிக்கு ஒன்றரை வருடம்.

ஒரு சந்தேகம். அங்கே நிலவை வைத்துப் பிறப்பு பார்ப்பவர்கள் யாரும் இல்லையா?

மழைக்கை:

இருக்காங்கம்மா, நீங்க கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. காஜீத்னு பூனை இனம். அங்க மாஸர், செகுண்டான்னு ரெண்டு நிலா. குட்டி பொறக்குறப்ப ரெண்டும் எந்தப் பிறையில இருக்கோ, அதை வெச்சுத்தான் அது எந்த உருவமா வளரும்ங்கறதே முடிவாகும். ஒருத்தர் வீட்டுப் பூனை அளவுல இருப்பாங்க, இன்னொருத்தர் மேல ஏறிச் சவாரி போற அளவு பெருசா இருப்பாங்க. உங்க பஞ்சாங்கக் கணக்குக்குக் கிட்ட வர்றவங்க அவங்கதான். நிலாப்பக்கம், உனக்குக் காளான் வேலை கொடுத்த அஜிராவும் காஜீத்தான்.

நிலாப்பக்கம்:

அழிக்கலை அண்ணா. கல்தூண், உங்க கணக்கை எழுதி வெச்சிருக்கேன், அடுத்த ஆட்டத்துக்கு அதுதான்.

நேத்து ராத்திரி பால்மோராலேர்ந்து பெலகியாட் வரைக்கும் நடந்தே போனேன். காம்பெர்ரி 23 பறிச்சேன். ஃப்ராஸ்ட் சால்ட்ஸ் ரெண்டுதான் வாங்க முடிஞ்சது, இருந்த காசு அவ்வளவுதான். முதல் அரைப்பு வீணாப்போச்சு. ரெண்டாவதுல ஒரு குப்பி மருந்து வந்துச்சு. அதைக் குடிச்சு, மந்திரத்தை வாங்கி, ஊர் எல்லையைத் தாண்டி ஆவியை வரவழைச்சேன். ரெண்டு சாபம் என்மேலயே விழுந்து உயிர் பாதி போச்சு. மூணாவது உள்ள போச்சு.

இப்ப மேஜிகா 31. அஜிரா பூ பறிச்சுட்டு வரச் சொல்லியிருக்கா, அதுக்குக் கிளம்புறேன்.