சிட்டியைக் கடல் தாண்டி விற்ற கதை

குழு: வடக்கு மாசி வீதி வீடு

நான் (இரவு 8:04): எல்லோருக்கும் வணக்கம். தொடர்ச்சியாக எடுக்கப்படும் ஓர் அறிவியல் புனைகதைப் படத்தை உள்ளூரிலும் வெளிநாட்டிலும் எப்படி விளம்பரப்படுத்தினார்கள் என்று கல்லூரியில் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். வகுப்பில் எல்லோரும் ஆங்கிலப் படங்களை எடுத்துக்கொண்டார்கள். நான் ரஜினி நடித்த எந்திரனையும் அதன் தொடர்ச்சியான 2.0 படத்தையும் எடுத்திருக்கிறேன். நம் வீட்டில் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறீர்கள். அந்தப் படங்கள் உங்கள் ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தன என்று சொல்லுங்களேன்.

பெரியப்பா, மதுரை (8:11): நல்ல காரியம் செய்தாய் அம்மா. முப்பது வருடம் தியேட்டர் மேலாளராக இருந்தவனிடம் இதை யாரும் கேட்டதில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வருகிறேன், இரு.

பெரியப்பா, மதுரை (8:19): எந்திரன் 2010 அக்டோபர் 1 அன்று வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து விளம்பரம் என்று பெரிதாக எதுவும் செய்யவில்லை. தேவைப்படவில்லை. படத்தை எடுத்தது சன் பிக்சர்ஸ், தொலைக்காட்சியும் அவர்களுடையது. காலையில் பாட்டு, மதியம் படப்பிடிப்புக் காட்சி, இரவில் முன்னோட்டம் என்று வீட்டுக் கூடத்திலேயே படம் ஓடிக்கொண்டிருந்தது. டிக்கெட் வாங்க வந்தவர்களுக்குக் கதை தெரியாது, ஆனால் சிட்டி என்ற அந்த ரோபோவைத் தெரியும். "ரோபோ படத்துக்கு நாலு டிக்கெட்" என்று கேட்ட குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். ரஜினி படத்தை ரஜினி பெயர் சொல்லாமல் கேட்டதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

அத்தை, கிள்ளான் (8:26): எங்களுக்கு அது பாட்டிலிருந்தே தொடங்கிவிட்டது. பாடல் வெளியீட்டு விழாவை இங்கே மலேசியாவில், புத்ராஜெயாவில் வைத்தார்கள், 2010 ஜூலை 31. உன் மாமாவும் நானும் அழைப்பிதழ் இல்லாமலேயே காரில் கிளம்பிப் போனோம். உள்ளே விடவில்லை. மண்டபத்துக்கு வெளியே வெகுநேரம் நின்றோம், எங்களைப் போல் நின்றவர்கள் ஏராளம். வீடு திரும்பும்போது எனக்கு வருத்தமே இல்லை. சென்னையில் வைக்க வேண்டிய விழாவை நம் ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார்களே என்ற பெருமைதான் இருந்தது. அந்த இரண்டு மாதமும் படத்துக்கு நாங்கள்தான் விளம்பரம் செய்தோம்.

பெரியப்பா, மதுரை (8:30): அது யோசித்துச் செய்த வேலை, தங்கச்சி. வெளிநாட்டு உரிமையை எங்கள் தொழிலில் எஃப்.எம்.எஸ். என்று சொல்வோம். மலேசியாவும் சிங்கப்பூரும் அதில் முதல் கணக்கு.

அத்தை, கிள்ளான் (8:33): இன்னொன்றும் எழுதிக்கொள் கண்ணு. என்னோடு வேலை பார்த்த ஒரு மலாய்க்காரப் பெண்ணை அழைத்துப் போனேன். மலாய் வசனவரி ஓடியது. அவளுக்கு ரஜினி யார் என்று தெரியாது. விசில் எதற்கு அடிக்கிறார்கள் என்றும் புரியவில்லை. ஆனால் சிட்டி தன்னையே ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் போடும் இடத்தில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வரும் வழியெல்லாம் அந்த ரோபோவைப் பற்றியே பேசினாள்.

நான் (8:35): அத்தை, இதை அப்படியே எழுதிக்கொள்கிறேன். நம்மவர்களுக்கு ரஜினி, மற்றவர்களுக்குச் சிட்டி. என் கட்டுரைக்கு இது போதும் போல் இருக்கிறது.

அண்ணன், டோக்கியோ (8:41): போதாது, ஜப்பானையும் சேர்த்துக்கொள். இங்கே ரஜினியைத் தெரியாது என்று சொல்ல முடியாது. 1998இல் முத்து படத்தை ஷிபுயாவில் சினிமா ரைஸ் என்ற அரங்கில் வெளியிட்டார்கள். 'முத்து: ஆடும் மகாராஜா' என்று பெயர். இன்றும் என் அலுவலகத்தில் வயதானவர்கள் என்னைப் பார்த்ததும் முத்து என்கிறார்கள். இருந்தும் எந்திரனை 2012 மே மாதம் கொண்டுவந்தபோது மகாராஜாவை வைத்து விற்கவில்லை. 'ரோபோட்' என்று மட்டும் பெயர் வைத்தார்கள். ரோபோக் கதைகளைப் படித்தே வளர்ந்த நாடு இது, அந்த ஒரு சொல் போதும். முதலில் 139 நிமிடப் படமாகத்தான் வந்தது. முழுப் படம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அல்லவா? பிறகு முழு நீளப் படமும் திரைக்கு வந்தது.

பெரியப்பா, மதுரை (8:44): வெட்டியது சரியில்லை.

அண்ணன், டோக்கியோ (8:46): சரிதான் என்பேன் அப்பா. முதல் தடவை வருபவரை மூன்று மணி நேரம் உட்காரச் சொன்னால் தயங்குவார். பிடித்தவர் பாட்டோடு முழுதாகப் பார்க்க மறுபடியும் வருவார்.

சித்தப்பா, டொராண்டோ (8:52): இப்போதுதான் பார்த்தேன், இங்கே காலை. ஸ்கார்பரோவில் எந்திரன் சுவரொட்டியை நான் பார்த்தது மளிகைக் கடைக் கண்ணாடியில். முருங்கைக்காய் வாங்கப் போன இடத்தில், பணம் செலுத்தும் மேசைக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. கடைக்காரர் மீதிச் சில்லறை தரும்போது "முதல் காட்சிக்கு இடம் வைக்கவா அண்ணை?" என்று கேட்டார். பத்திரிகை விளம்பரம் எதையும் நான் பார்க்கவில்லை, அந்த ஒரு கேள்விக்கே ஐந்து டிக்கெட் வாங்கினேன். ஆனால் அந்தக் கடைக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்து சுவரொட்டியைப் பார்த்திருப்பாரா? அரங்கில் நம் ஆட்கள் மட்டும்தான் இருந்தோம்.

அம்மா (8:55): பேசுங்கள், ஆனால் இவள் இன்னும் சாப்பிடவில்லை.

நான் (8:56): ஐந்து நிமிடம் அம்மா. பெரியப்பா, 2.0 பற்றிச் சொல்லுங்கள்.

பெரியப்பா, மதுரை (9:07): அதில் எனக்கு மனக்குறை உண்டு. முதலில் 2017 தீபாவளி என்றார்கள். பிறகு 2018 ஜனவரி, பிறகு ஏப்ரல், கடைசியில் நவம்பர் 29. கணினி வரைகலை வேலை முடியவில்லை என்பது நியாயமான காரணம்தான். ஆனால் விளம்பரம் படத்துக்கு முன்னால் ஓடிவிட்டது. முதல் தோற்றத்தை 2016 நவம்பரில் மும்பையில் காட்டினார்கள். பாடல் வெளியீடு 2017 அக்டோபரில் துபாயில் நடந்தது. பெரிய வெப்பக்காற்று பலூனில் படத்தின் பெயரை எழுதி அமெரிக்காவில் பறக்கவிட்டார்கள். பலூன் பறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகித்தான் படம் வந்தது. ஒவ்வொரு தேதிக்கும் ரசிகர் மன்றத்துப் பையன்கள் என் அறைக்கு வந்து "இந்தத் தேதி உறுதிதானா அண்ணா?" என்று கேட்பார்கள். நான் என்ன பதில் சொல்வது? மூன்றாவது தடவை அவர்கள் வரவே இல்லை. ஆவலை அடுப்பில் வைத்த பாலைப் போல் பார்த்துக்கொள்ள வேண்டும் அம்மா.

அண்ணன், டோக்கியோ (9:10): ஹிந்தியில் நன்றாகத்தானே ஓடியது?

பெரியப்பா, மதுரை (9:15): ஓடியது, இல்லை என்று சொல்லவில்லை. ஹிந்தி நடிகர் அக்ஷய் குமாரைப் பறவை வில்லனாகப் போட்டதே பாதி விளம்பரம். கரண் ஜோஹரின் தர்மா நிறுவனம் அங்கே வெளியிட்டது. ஹிந்தியில் மட்டும் 180 கோடி ரூபாய்க்கு மேல் வசூல். முப்பரிமாணமும் நல்ல முடிவு. முன்னோட்டத்தைத் திரையரங்கில் முப்பரிமாணத்திலேயே இலவசமாகக் காட்டினார்கள், கண்ணால் பார்த்தவன் நாலு பேரிடம் சொன்னான். எங்கள் தியேட்டரில் ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்க இருபது நிமிடம். அதற்குள் முந்நூறு கண்ணாடிகளைச் சோப்பு நீரில் முக்கி, பருத்தித் துணியால் துடைத்து, கூடையில் அடுக்க வேண்டும். வாசலில் கூட்டம் நிற்கும், என் கையில் ஈரம் காயாது. அந்த நாட்கள் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தன.

நான் (9:18): சீனாவைப் பற்றி நான் படித்ததைச் சொல்கிறேன். வெளியிடப்போகும் நிறுவனம் 56,000 திரைகள் என்று அறிவித்தது. அதில் 47,000 முப்பரிமாணத் திரைகள். 2019 ஜூலையில் வர வேண்டியது தள்ளிப்போய் செப்டம்பர் 6 அன்று வந்தது. எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. அங்கே படத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'பாலிவுட் ரோபோ 2.0'.

பெரியப்பா, மதுரை (9:20): பாலிவுட்டா? சென்னையில் எடுத்த தமிழ்ப் படத்துக்கா?

நான் (9:21): ஆமாம் பெரியப்பா. எந்திரனையும் அங்கே 'பாலிவுட் ரோபோவின் காதல்' என்றுதான் சொல்கிறார்கள்.

பெரியப்பா, மதுரை (9:24): பெயரை விட்டுக்கொடுத்தால் ஊரையே விட்டுக்கொடுத்த மாதிரி. இதை உன் கட்டுரையில் கண்டிப்பாக எழுது.

அண்ணன், டோக்கியோ (9:31): எனக்கும் வலிக்கிறது. ஆனால் ஓடாததற்குக் காரணம் அது இல்லை என்று நினைக்கிறேன். 2017இல் தங்கல் என்ற ஹிந்தி மல்யுத்தப் படம் சீனாவில் ஓடிய ஓட்டம் உலகத்துக்கே தெரியும். அங்கே அதற்கு 'மல்லுக்கட்டுவோம் அப்பா' என்பது போல் பெயர் வைத்தார்கள். அப்பாவும் பிள்ளையும் என்று பெயரிலேயே கதை இருந்தது. 2.0 பற்றி வந்த செய்திகளில் திரை எண்ணிக்கையும் செலவுக் கணக்கும்தான் இருந்தன. யாருக்காக அழ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சித்தப்பா, டொராண்டோ (9:38): பெரிய கைகளுக்கும் இதே கதைதான். ஹாலிவுட்டின் ஸ்டார் வார்ஸ் பழைய படங்கள் சீனாவில் அந்தக் காலத்தில் முறையாக வெளியாகவே இல்லை. 2015இல் புதுப் படம் வரும்போது சீனப் பெருஞ்சுவரின் படிகளில் 500 வெள்ளைக் கவச வீரர் பொம்மைகளை நிறுத்தினார்கள். லுஹான் என்ற இளம் பாடகரைத் தூதராக வைத்தார்கள். அந்தப் படம் அங்கே 12 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, அமெரிக்காவிலோ 93 கோடி. இரண்டு வருடம் கழித்து வந்த அடுத்த படம் சீனாவில் சுமார் 4 கோடி டாலரோடு நின்றுவிட்டது. அப்பாவோடு சேர்ந்து பார்த்த ஞாபகம் இங்கே இருக்கிறது, அங்கே இல்லை. அதைப் பொம்மை நிறுத்தி உண்டாக்க முடியாது.

அத்தை, கிள்ளான் (9:41): என் தோழி சிட்டிக்காக வந்தாள் என்றேன் அல்லவா? 2.0க்கு அழைத்தேன். சுவரொட்டியைப் பார்த்துவிட்டு "இதில் அந்த ரோபோ இருக்கிறதா?" என்று கேட்டாள். வில்லனின் பறவை முகம்தான் அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

அம்மா (9:47): அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து நான் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை எழுதுகிறேன். "எனக்கு ரோபோ எல்லாம் நினைவில்லை. எல்லார் கையிலிருந்தும் போன் பிடுங்கிக்கொண்டு பறந்து போனதே, அது நினைவிருக்கிறது. அந்தக் கிழவர் குருவிக்காக உயிரை விட்டார் பார், அதற்கு நான் அழுதேன்."

பெரியப்பா, மதுரை (9:52): எங்கள் அம்மா, உன் அப்பத்தா, சொல்வது சரி. எந்த ஊர்க்காரனும் மொழி தெரியாமலே புரிந்துகொள்ளும் காட்சி அது. குருவியும் போனும் எல்லா நாட்டிலும் இருக்கின்றன. படம் வருவதற்குச் சில நாள் முன்பு, செல்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. கோபுரக் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது என்று படம் தவறாகச் சொல்கிறதாம். அந்த அறிவியல் எனக்குத் தெரியாது. ஆனால் அன்றுதான் டீக்கடையில் படத்தின் கதையைப் பற்றிப் பேசினார்கள். அதுவரை எத்தனை கோடி செலவு என்றுதான் பேசினார்கள்.

நான் (9:55): பெரியப்பா, கட்டுரையை அப்பத்தாவிடமிருந்து தொடங்கப் போகிறேன். அம்மா, குருவிக் காட்சி வரும் என்று அப்பத்தாவுக்கு முன்பே தெரியுமா, தியேட்டரில்தான் தெரிந்ததா? கேட்டுச் சொல்லுங்கள்.

அம்மா (10:02): படுத்துவிட்டார்கள். விடிந்ததும் மாடியில் குருவிக்குத் தண்ணீர் வைக்கப் போவார்கள், அப்போது கேட்கிறேன். நீ இப்போது சாப்பிட வா.