தோரியம் பிளவுத் துண்டுகள்: முன்கோண டிடெக்டரில் பீக் கீழே இறங்குகிறது, வழி சொல்லுங்கள்

புரோட்டான் கற்றையால் தோரியத்தைப் பிளந்து, துண்டுகளின் ஆற்றலை அளக்கிறேன்: 20 எம்.இ.வி., 5 நானோ ஆம்பியர். கார்பன் தாளில் பூசிய தோரியம் ஃப்ளோரைடு, சதுர செ.மீ.க்கு 150 மைக்ரோகிராம். எதிரெதிரே இரண்டு சர்ஃபேஸ் பேரியர் (சிலிக்கான்) டிடெக்டர்கள், 60 மைக்ரான் தடிமன்.

மூன்றாவது ஷிஃப்ட் முடிந்து தானாகவே பிளவுபடும் கலிஃபோர்னியம்-252-ஐ ஒப்பீட்டுக்கு வைத்துப் பார்த்தால், 40 டிகிரியில் இருக்கும் டிடெக்டரில் கனத்த துண்டின் பீக் 46 சேனல் கீழே வந்துவிட்டது, இலேசான துண்டினுடையது 29. சேனலுக்கு 60 கே.இ.வி. இரண்டு பீக்குக்கும் நடுவே உள்ள பள்ளமும் தூர்ந்துவருகிறது: இலேசான பீக்குக்கும் பள்ளத்துக்கும் விகிதம் 2.9 இருந்தது, இப்போது 2.3. பின்கோண டிடெக்டரில் எந்த மாற்றமும் இல்லை.

முன்கோண டிடெக்டரின் லீக்கேஜ் (கசிவு மின்னோட்டம்) 0.3-லிருந்து 2.1 மைக்ரோ ஆம்பியர். பயஸ் (டிடெக்டருக்குத் தரும் மின்னழுத்தம்) வரும் வழியிலுள்ள 10 மெகா ஓம் ரெசிஸ்டரில் அதனால் கூடுதலாக விழும் 18 வோல்ட்டை ஈடுகட்டியாயிற்று. அதற்கு மேலும் 30 வோல்ட் ஏற்றியதில் கனத்த பீக் 9 சேனல்தான் மீண்டது. ப்ரீஆம்ப்களை (சிக்னல் பெருக்கிகளை) மாற்றிப் போட்டேன், பல்சர் தரும் சோதனைத் துடிப்பும் நகரவில்லை. கலிஃபோர்னியத்தின் 6.118 எம்.இ.வி. ஆல்ஃபா அதே சேனலில்தான் நிற்கிறது. ஆனால் அதை நம்பி டிடெக்டரின் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் இல்லை என்று சொல்ல முடியாது. துண்டுகளுக்கு 3 எம்.இ.வி. தின்னும் படலம் ஆல்ஃபாவுக்கு ஒரு சேனல்கூடத் தராது.

படலம் என்றால் இலேசான துண்டும் அதே அளவு இழக்க வேண்டும். டிடெக்டருக்குள்ளே கதிர்வீச்சால் பழுது என்றால் பயஸ் ஏற்றியதும் இன்னும் மீண்டிருக்க வேண்டும். விழுந்த துண்டுகளோ சதுர செ.மீ.க்கு 2 கோடிதான். வழக்கமாகச் சொல்லும் வரம்பு 10 கோடி.

சேம்பரைத் திறக்காமல், மேற்பரப்புப் படலமா உள்ளே பழுதா என்று பிரித்தறிய எந்தச் சோதனை செய்யலாம்?