லெஜியோன் பாராசூட் படையில் சேர விரும்பும் கடலூர் இளைஞன்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

முதுநகர்வாசி, கடலூர்:
என் அக்காள் மகன் டிப்ளமோ முடித்துவிட்டு, பிரான்சின் வெளிநாட்டவர் படையான லெஜியோனில் சேர்ந்து பாராசூட் வீரனாகியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். புதுச்சேரியில் ஒருவர், பணம் கட்டினால் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அங்கே பணியாற்றியவர்கள் இருந்தால் விளக்க வேண்டுகிறேன்.

முத்தியால்பேட்டையார்:
ஐயா, முதலில் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். லெஜியோனுக்கு முகவரும் கிடையாது, கட்டணமும் கிடையாது. சொந்தச் செலவில் பிரான்சுக்குச் சென்று நேரில் நிற்க வேண்டும். தேர்வில் தேறியவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, காஸ்தெல்னொதரியில் நான்கு மாத அடிப்படைப் பயிற்சியை முடித்த பிறகே, கொர்சிகாத் தீவின் கால்வியில் உள்ள பாராசூட் ரெஜிமெண்டுக்குப் போக முடியும்.

நான் அங்கே இருந்தவன். எல்லோரும் குதிப்பதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். விமானத்துக்குள் ஓடும் கம்பியில் மாட்டிய பட்டையே குடையை இழுத்து விரித்துவிடும். கால்களைச் சேர்த்து வைத்துத் தரையில் உருளத் தெரிந்தால் போதும். என்னை வாட்டியது மொழிதான். நேபாளி, பிரேசில்காரர், உக்ரைன்காரர் என ஓர் அறையில் படுத்திருக்கும் எவருக்கும் பிரெஞ்சு தெரியாது, ஆனால் கட்டளை, வசவு, பாட்டு எல்லாமே பிரெஞ்சில்தான். நிமிடத்துக்கு 88 காலடி என்ற மெதுவான நடையில் பாடிக்கொண்டே அணிவகுக்கும்போது ஒருவர் பிசகினாலும் மொத்தக் கூட்டமும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதுச்சேரியில் பள்ளிப் பாடமாகப் பிரெஞ்சு படித்த எனக்கே சார்ஜெண்ட் கத்துவதில் பாதி புரியவில்லை.

வில்லியனூர் வாசகர்:
புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த உடன்படிக்கை 1962இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் வழக்கமான பிரெஞ்சுத் தரைப்படையிலேயே சேரலாம். இங்கே சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், பிரெஞ்சு பென்சன் வாங்குவதைப் பார்த்துவிட்டு, அந்த வழி தமக்கும் திறந்திருப்பதாகக் கடலூர்ப் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். இந்தியக் குடிமக்களுக்கு உள்ளது லெஜியோன் மட்டுமே.

முதுநகர்வாசி, கடலூர்:
நன்றி ஐயா. லெஜியோனில் சேர்ந்தால் குடியுரிமையை மாற்றியே ஆக வேண்டுமா?

முத்தியால்பேட்டையார்:
கட்டாயம் இல்லை. மூன்றாண்டுப் பணிக்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அதைப் பெற்றதுமே இந்தியக் குடியுரிமை போய்விடும். அயல்நாட்டுப் படையில் பணியாற்றுபவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் நம் அரசு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் வந்துபோக உதவும் அட்டை) வழங்குவதில்லை என்பதால், பிறகு கடலூருக்கு வருவதற்கே அவன் விசா எடுக்க வேண்டியிருக்கும். இதை அக்காளிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.