எக்ஸ்-பார் சார்ட்டில் மட்டும் புள்ளிகள் எல்லை தாண்டுகின்றன, உதவி தேவை

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். தோத்தாபுரி கூழ், 3.1 கிலோ டின். ஜூனில் சீசன் தொடங்கியதிலிருந்து பிரிக்ஸ் அளவுக்கு (கூழில் கரைந்துள்ள சர்க்கரை) எக்ஸ்-பார், ஆர் சார்ட் போடுகிறோம்; எக்ஸ்-பார் ஒவ்வொரு மாதிரியின் சராசரியையும், ஆர் அந்த மாதிரிக்குள் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் காட்டும். மணிக்கு ஒருமுறை அடுத்தடுத்து வரும் 5 டின், எக்ஸ்-பார் எல்லையைக் கணக்கிடும் மாறிலியான ஏ2 மதிப்பு 0.577.

ஆர் சார்ட் அடங்கியே இருக்கிறது. எக்ஸ்-பாரில் பாதிப் புள்ளிகள் வெளியே. ஆனால் வாங்குபவர் கேட்கும் 14–16 பிரிக்ஸை ஒரு டின்கூடத் தாண்டவில்லை. ஸ்பெக்குக்குள் இருப்பது வேறு, நிலையாக இருப்பது வேறு. அதனால்தான் இதை விட மனமில்லை.

பிரிக்ஸ் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை காலிபரேட் செய்தாயிற்று, 20 டிகிரிக்கு வெப்பத் திருத்தமும் போட்டாயிற்று. ஆளை மாற்றி அளந்தும் அப்படியே. அப்புறம் எல்லைகளைப் புதிதாகக் கணக்கிட்டோம், பலனில்லை.

புள்ளி குதிப்பது கலவைத் தொட்டி மாறும்போதுதான். 5 டின்னும் ஒரே தொட்டிக் கூழ் என்பதால் அவற்றுக்குள் வேறுபாடு மிகக் குறைவு, அதனால் எல்லையும் குறுகிவிடுகிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு புள்ளிக்கும் லைனை நிறுத்தி, இப்போது சார்ட்டையே யாரும் நம்புவதில்லை. அதுதான் பெரிய வருத்தம்.

தொட்டிக்கு ஒரு சராசரி எடுத்து ஐ-எம்ஆர் சார்ட்டுக்கு (தனி மதிப்புகளையும் அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசத்தையும் காட்டுவது) மாறுவது சரியா, இல்லை தொட்டிக்குத் தொட்டி வரும் வேறுபாட்டையே நிலையின்மையாக எடுத்துக் காரணம் தேட வேண்டுமா?